ஏழாவது வட்டத்தின் வலது கை

பேரரசுகள் வீழும்போது குறைந்தபட்சம் ஒரு போராவது நடக்கும். நாலு யானையாவது பிளிறும். ஏழாவது வட்டம் வீழ்ந்தபோது நகர மன்றக் கூடத்தில் ஒரு மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உலக வரலாற்றில் இவ்வளவு அமைதியாக, இவ்வளவு நாகரிகமாக, ஆள்பவரின் முழுச் சம்மதத்தோடு ஒழிந்துபோன ஆட்சிப் பகுதி வேறொன்று கிடையாது என்று துணிந்து சொல்லலாம். சம்மதம் என்றால் சும்மா வாய்ச் சம்மதம் அல்ல. அந்த வட்டத்தின் உறுப்பினரே தன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, தன் வட்டத்தைத் தானே ஒழித்தார்.

அவருக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஏகமனது’. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைக் கேட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். இதைக் கேலிப் பெயர் என்று நினைப்பவர்கள் அந்த மன்றத்தின் மாண்பை அறியாதவர்கள். மன்றம் தோன்றிய நாளிலிருந்து அங்கே எந்தத் தீர்மானமும் வெறும் பெரும்பான்மையால் நிறைவேறியதில்லை. எல்லாமே ஏகமனதாக. ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் செத்தது என்பது எழுதாத சட்டம். ஆனால் ஒரு கையும் குறைந்ததில்லை. காரணம் எளிமையானது. தீர்மானங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் தேநீர் வரும். ஆகவே செயலாளர் “தீர்மானம்” என்று வாயெடுத்ததுமே கைகள் எழுந்துவிடும். மீதியை அவர் கைகளுக்குப் படித்துக் காட்டுவார். நம் ஏகமனதார் இதிலும் ஒரு படி மேலே. செயலாளர் தொண்டையைச் செருமினாலே அவர் கை எழுந்துவிடும். ஒருமுறை செயலாளருக்குச் சளி பிடித்திருந்தது. அன்று பாவம், கூட்டம் முடியும்வரை இவர் கையை இறக்கவே இல்லை.

அப்படி ஒரு தேநீருக்கு முன்னால்தான் அந்தத் தீர்மானம் வந்தது. நிர்வாக வசதியை முன்னிட்டு ஏழாவது வட்டத்தை ஒழிப்பது. வடக்குப் பாதியை ஆறாவது வட்டத்தோடும் தெற்குப் பாதியை எட்டாவது வட்டத்தோடும் சேர்ப்பது. ஏகமனதார் கை தூக்கினார், தேநீர் குடித்தார், இரண்டு பிஸ்கட் தின்றார், வீட்டுக்கு வந்து தூங்கினார். மறுநாள் காலையில் ஒரு பெயின்டர் ஏணியோடு வந்து, வாசலில் இருந்த ‘ஏழாவது வட்ட உறுப்பினர் அலுவலகம்’ என்ற பலகையின்மேல் வெள்ளை அடிக்கத் தொடங்கினார்.

“யார் உத்தரவு?” என்று ஏகமனதார் கர்ஜித்தார்.

“உங்க உத்தரவுதான் சார். முதல் கை உங்களுதாம்.”

செய்தி தெருக்கோடியில் தையல்கடை வைத்திருந்த அவருடைய அக்காவுக்குப் போவதற்குள் வெள்ளை காய்ந்துவிட்டது. அக்கா வாய் கொஞ்சம் கத்தரி மாதிரி. துணியைப் பார்த்துத்தான் வெட்டும், ஆளைப் பார்த்து நிற்காது. “யானைதான்டா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும். நீ எப்படா யானை ஆனே?” என்று கேட்டாள்.

“கை தானாப் போகுதுக்கா,” என்றார் ஏகமனதார். “தோள்ல ஏதோ நரம்புக் கோளாறு. நான் வேண்டாம்னுதான் நினைக்கிறேன், அது கேட்க மாட்டேங்குது.”

பொது வாழ்வில் உடலை வருத்திக்கொண்டவர்கள் பலர் உண்டு. ஒரு நரம்பையே மக்களுக்காகப் பறிகொடுத்தவர் இவர் ஒருவர்தான். அவருடைய மனைவி அன்றிலிருந்து தினமும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்தாள். தோள் பளபளத்தது. நரம்பு திருந்தவில்லை.

இனி, உறுப்பினர் இல்லாத ஒரு வட்டம் எப்படிச் சீரழிந்தது என்ற துயரக் கதைக்கு வருவோம்.

ஏழாவது வட்டம் என்பது கடலுக்கும் காயலுக்கும் நடுவே நாக்கு நீட்டியது போன்ற ஒரு மணல்திட்டு. நீளமாக ஒரே தெரு. ஒரு முனையில் ஐஸ் கம்பெனி, மறு முனையில் படகு பழுது பார்க்கும் கொட்டகை, நடுவில் வீடுகள். தெருவை ஒட்டி ஒரு கால்வாய். கால்வாயின் வாயில் ஓர் இரும்பு ஷட்டர். அதன் தலையில் ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் ஷட்டர் இறங்கும், கடல் வெளியே நிற்கும். சுற்றாவிட்டால் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் கால்வாய் வழியாக ஏறி, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்காரும். ஷட்டருக்குப் பக்கத்து வீடு அக்காவின் தையல்கடை. ஆகவே கடல் முதலில் வந்து உட்காருவது அங்கேதான்.

வட்டம் சீரும் சிறப்புமாக இருந்த காலத்தில் இந்தச் சக்கரத்தை யார் வேண்டுமானாலும் சுற்றிவிட முடியாது. தண்ணீர் ஏறுகிறது என்று மக்கள் உறுப்பினரிடம் முறையிட வேண்டும். உறுப்பினர் பொறியாளருக்குப் பரிந்துரைப்பார். பொறியாளர் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி அனுப்புவார். பிறகு டவுனிலிருந்து ஷட்டர்காரர் சாவியோடு பஸ் பிடித்து வருவார். ஒரு குறையும் இல்லாத முறை. ஆனால் கடலுக்கு விதிமுறை தெரியாது. ஷட்டர்காரர் வந்து சேரும்போது அது வந்து உட்கார்ந்திருக்கும். அவரும் கடமை தவறாமல் சக்கரத்தைச் சுற்றி, வீட்டுக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போகாதபடி பத்திரமாக அடைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு நாளில் அக்கா தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் மொத்தமும் உப்பில் ஊறிப் போயின. பள்ளிக்கூடத்துக்காரர்கள் அதன் பிறகு கொஞ்ச காலம் அவளிடம் துணியே கொடுக்கவில்லை.

வட்டம் ஒழிந்ததும் இந்த ஏற்பாடெல்லாம் சிதைந்தது. ஷட்டர் சரியாக எல்லைக்கோட்டின் மேல் நின்றது. ஆறாவது வட்டத்து உறுப்பினர் அது எட்டாவதுக்குச் சொந்தம் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். எட்டாவது வட்டத்தவர், ஆறாவதின் உரிமையைத் தான் பறிப்பதா என்று காதைப் பொத்திக்கொண்டார். ஷட்டர்காரரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சக்கரத்தின் சங்கிலியும் பூட்டும் துருப்பிடித்து நின்றன. முதல் பௌர்ணமிக்குக் கடல் ஏறத் தொடங்கியபோது அக்கா தெருவை மேலும் கீழும் பார்த்தாள். முறையிட ஆள் இல்லை. கடைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்தாள். கரி போடும் பழைய இரும்புப் பெட்டி. அதைத் தூக்குவதற்கே தனி மனசு வேண்டும். ஒரே போடு. பூட்டு கால்வாயில் விழுந்தது.

சக்கரத்தைச் சுற்ற ஐஸ் கம்பெனியிலிருந்து ‘பனிக்கட்டி’ வந்தார். ஐஸ் பாளங்களை இழுத்து இழுத்துத் தோள் அகன்ற மனிதர். ஒரு நாளைக்கு ஒரு சொல் பேசினால் அதிகம் என்பதால் வந்த பெயர். “வருது,” என்றார். சுற்றினார். கடல் வெளியே நின்றது.

அதன் பிறகு அந்தத் தெரு அடைந்த சீரழிவை எழுதக் கை நடுங்குகிறது. தண்ணீர் வந்தால் மூடினார்கள். போனால் திறந்தார்கள். படகுக் கொட்டகை மெக்கானிக் யாரிடமும் மனு வாங்காமல் தெருவிளக்குகளைச் சரி செய்தார். அவை இரவில் எரியும் அளவுக்கு நிலைமை மோசமானது. சாக்கடை ஓடியது. பள்ளிக்கூடம் மறுபடி அக்காவிடம் துணி கொடுத்தது. பரிந்துரை, நடவடிக்கை, நினைவூட்டல் முதலான நாகரிகத்தின் சின்னங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.

இத்தனைக்கும் நடுவே ஏகமனதார் மட்டும் அசையவில்லை. வெள்ளை அடித்த பலகையில் ‘முன்னாள்’ என்று பொடியாகவும் ‘உறுப்பினர்’ என்று பெரிதாகவும் எழுதவைத்து, முன்னறையில் மேசை போட்டு, தினமும் சட்டையை இஸ்திரி செய்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இஸ்திரி அக்கா கடையில், இலவசமாக. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். நிழலுக்காக ஒரு நாய் வந்தது. அதை அவர் ‘பார்வையாளர்’ கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தவத்துக்குப் பலன் உண்டு. ஒரு பௌர்ணமியன்று மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஆறாவது வட்டத்தில் அவர்கள் ஜீப் பாதி மூழ்கியது. எட்டாவதில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் ஒரு மீன் உள்ளே வந்தது. தப்பித்துத் தள்ளிக்கொண்டு ஏழாவதின் தெருவில் ஏறினால், தரை காய்ந்து கிடந்தது. குழுவின் தலைவியான அதிகாரியம்மா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தார்.

“இது எந்த வட்டம்?”

“எந்த வட்டமும் இல்லைங்க. ஒழிச்சிட்டாங்க.”

“அப்ப ஷட்டரை யார் மூடுறது?”

“நாங்கதான். தண்ணி வந்தா மூடுவோம், போனா திறப்போம்.”

அதிகாரியம்மா இதை நம்பவில்லை. இவ்வளவு சிக்கலான நிர்வாகத்தை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் அடக்கிவிட முடியுமா? “அது சரி. யாரோட வழிகாட்டுதல்ல?” என்றார். அக்கா ஒரு காலரைப் பிடித்துவைக்கக் குண்டூசிகளை வாயில் எடுத்துக்கொண்ட நேரம் அது. ஜீப்பைக் கண்ட நொடியே சட்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்திருந்த ஏகமனதார், வாசலில் நின்றபடி, “என் வழிகாட்டுதல்லதான் மேடம்,” என்றார்.

மறுத்துச் சொல்ல அக்கா வாயெடுத்தாள். வாயில் குண்டூசிகள் இருந்தன.

“எப்படி வழிகாட்டுறீங்க?”

“தலையிடவே மாட்டேன் மேடம்.”

அதிகாரியம்மாவின் கண்கள் விரிந்தன. ‘தலையிடா வழிகாட்டல்’ என்று புதிய நிர்வாகத் தத்துவம் ஒன்று அந்தத் தையல்கடையில் பிறந்தது. அடுத்த மாதமே ஏழாவது வட்டத்துக்கு ‘முன்மாதிரி வட்டம்’ விருது அறிவிக்கப்பட்டது. விருது கொடுக்க ஒரு வட்டம் வேண்டுமே என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. மன்றம் உடனே கூடி ஏழாவது வட்டத்தை ஏகமனதாக உயிர்ப்பித்தது. தேர்தல் வந்தது. ஏகமனதாரை எதிர்த்து நின்ற டீக்கடைக்காரர் பெற்ற வாக்கு, அவர் குடும்பத்தைவிடக் குறைவு. தெருவில் எல்லாரும் ஒரே நியாயம்தான் சொன்னார்கள்: இத்தனை நாளாக அவரால் ஒரு தொந்தரவும் இல்லை, இப்படி ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது? அக்காவும் அவருக்குத்தான் போட்டாள். கூடப் பிறந்த பாவம்.

வெற்றி பெற்றவர் முதல் கூட்டத்திலேயே கடமையாற்றினார். செயலாளர் தொண்டையைச் செருமினார், கை எழுந்தது. சாதனைச் சின்னமாகிய ஷட்டருக்குப் பச்சை வண்ணம் பூசுவது, கல்வெட்டு வைப்பது, கண்டவர்கள் கை வைக்காதபடி புதுச் சங்கிலியும் பூட்டும் போடுவது, சாவியை வட்ட உறுப்பினரிடம் ஒப்படைப்பது, மன்றத் தீர்மானம் இல்லாமல் சக்கரத்தைச் சுற்றுவதைத் தடை செய்வது. திறப்பு விழா பௌர்ணமியன்று.

“பௌர்ணமி வேண்டாம்டா,” என்றாள் அக்கா.

“தலைவருக்கு அன்னைக்குத்தான்க்கா ஒழிவு.”

“கடலுக்கும் அன்னைக்குத்தான்டா ஒழிவு.”

விழா மேடை கால்வாய்க் கரையிலேயே போடப்பட்டது. ஷட்டர் நாடா கட்டி, மாலை போட்ட மாதிரி சங்கிலியோடு, வாயைத் திறந்தபடி நின்றது. மன்றத் தலைவர் பேச எழுந்தார். நீரை வென்ற வட்டம் என்று அவர் சொல்லும்போது முன்வரிசை நாற்காலிகளின் கால்கள் நனைந்தன. வருங்காலச் சந்ததி என்று வந்தபோது ஒலிபெருக்கிக்காரர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து பனிக்கட்டி அன்றைய சொல்லைச் செலவழித்தார். “வருது.”

அக்கா மேடை அருகே வந்து நின்றாள். கடையில் மறுநாள் கொடுக்க வேண்டிய சீருடைகள் தரையிலிருந்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “தம்பி, சாவியைக் கொடு,” என்றாள், மெதுவாகத்தான்.

ஏகமனதார் தலைவரைப் பார்த்தார். தலைவர் புன்னகை மாறாமல், தீர்மானம் இல்லாமல் சக்கரம் சுற்றக் கூடாது என்றும், ஆனால் பதறத் தேவையில்லை என்றும், உறுப்பினர்கள் எல்லாரும் மேடையிலேயே இருப்பதால் அவசரக் கூட்டம் நடத்திவிடலாம் என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். மக்கள் கை தட்டினார்கள். பாதிப் பேர் அதற்குள் நாற்காலி மேல் ஏறியிருந்தார்கள்.

முதல் தீர்மானம், அவசரக் கூட்டத்தை உரிய நேரத்தில் கூட்டிய தலைவருக்கு நன்றி. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது, கடலின் போக்கை மன்றம் கவலையோடு கவனிக்கிறது. அதுவும் நிறைவேறியது, கடல் பொருட்படுத்தவில்லை. ஷட்டரை மூடினால் தண்ணீர் தன் பக்கம் திரும்புமே என்று எட்டாவது வட்டத்தவர் ஐயம் எழுப்பினார். அந்த ஐயத்தை மதித்து மூன்றாவது தீர்மானம் வந்தது. செயலாளர் முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். “தண்ணீர் வடியும்வரை இந்தக் கூட்டத்தை ஒத்திவைப்பது.”

எல்லாக் கைகளும் எழுந்தன. ஏகமனதாரின் கை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்தது. சாவி அவர் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. கை அந்தப் பாக்கெட்டை உரசிக்கொண்டுதான் மேலே போனது.

அக்கா அந்தக் கையையே ஒரு கணம் பார்த்தாள். திரும்பித் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள். புதுப் பூட்டு; தரமானது. நாலைந்து போடு வாங்கியது. பனிக்கட்டி நாடாவோடும் பச்சை வண்ணத்தோடும் சேர்த்துச் சக்கரத்தைச் சுற்றினார். ஷட்டர் இறங்கியது. ஆனால் அதற்குள் கடல் அக்கா கடைக்குள் போய், கீழ் அடுக்குச் சீருடைகளை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, தையல் மிஷினின் மிதிகட்டை வரை ஏறி உட்கார்ந்திருந்தது.

குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பதில் மன்றத்துக்குச் சிரமமே இருக்கவில்லை. மேடையில் இருந்த கைகள் எல்லாம் அந்த நேரத்தில் தலைக்கு மேலே இருந்தன. அதற்கு ஊரே சாட்சி. சக்கரத்துப் பக்கம் இருந்தவை நாலே கைகள்தான். மன்ற உடைமையைச் சேதப்படுத்தியதாக இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்புவது, குற்றக் கருவியாகிய இஸ்திரிப் பெட்டியைப் பறிமுதல் செய்வது என்று அடுத்த கூட்டத்தில் முடிவாயிற்று. நோட்டீஸை ஏகமனதாரே நேரில் கொண்டுவந்தார். உடன்பிறப்புக்கு இந்த மரியாதையைக்கூடச் செய்யாதவர் அல்ல அவர்.

அக்கா நனைந்த சட்டை ஒன்றைப் பிழிந்து உதறிக்கொண்டிருந்தாள். உலர்ந்த இடத்திலெல்லாம் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இதுக்கும் கை தூக்கினியாடா?”

“தானாப் போகுதுக்கா. டாக்டர்கிட்டக்கூடக் காட்டினேன். இந்த மாதிரி நரம்பு லட்சத்துல ஒருத்தருக்குத்தானாம்.”

“வலிக்குதா?”

“தூக்கும்போது இல்லை. இறக்கினாத்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு.”

அக்கா தலையாட்டினாள். பெட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். அதை அவர் வீடு தாண்டி, தெரு தாண்டி, பஸ் ஏறி மன்ற அலுவலகம் வரை சுமந்து போனார். வலது கையில்தான்.

அன்று சாயங்காலமே அக்காவும் பனிக்கட்டியும் வீடு வீடாகப் போனார்கள். ஒரே ஒரு கோரிக்கை: ஏழாவது வட்டத்தைத் தயவுசெய்து மறுபடி ஒழித்துவிடுங்கள். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏகமனதாரின் மனைவிகூட, தைலக் கையோடு. மன்றத் தலைவருக்கு மனு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒழிந்து கிடந்த காலத்தில்தானே அந்த வட்டம் விருது வாங்கியது? மறுபடி ஒழித்தால் மறுபடி வாங்கலாம். ஆறாவதும் எட்டாவதும் ஆனந்தமாகத் தலையசைத்தன. கவலைப்பட ஒன்றுமே இல்லை. அந்த மன்றத்தில் எது வந்தாலும் ஏகமனதாக நிறைவேறும்; முதல் கை யாருடையது என்பதும் ஊருக்கே தெரியும். தம்பியின் நோயை நினைத்து அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள். பஸ் ஏறிப் போய்ப் பார்வையாளர் வரிசையில் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “தீர்மானம். ஏழாவது வட்டத்தை ஒழிப்பது.”

கைகள் எழுந்தன. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. செயலாளர் வழக்கப்படி ‘ஏகமனதாக’ என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தலைவரும் பார்த்தார்.

ஏகமனதாரின் வலது கை, அவர் வலது முழங்காலின் மேல், தூங்குகிற குழந்தை மாதிரி படுத்திருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. “உடம்புக்கு என்ன?” என்று தலைவர் பதறினார். ஏகமனதார் எழுந்து நின்று, ஒரு தீர்மானம் என்றால் அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகக் கேட்டு, நன்மை தீமையை ஆராய்ந்து, மனசாட்சியின்படிதான் வாக்களிக்க வேண்டும் என்று உருக்கமாகச் சொன்னார். பிறகு, “நான் எதிர்க்கிறேன்,” என்று முடித்தார். சொன்னபோதும் கை அசையவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

ஒரு கை குறைந்தது, தீர்மானம் செத்தது. ஏழாவது வட்டம் பிழைத்தது. ஷட்டருக்கு இன்னும் கனமான பூட்டு ஒன்றை வாங்கும் அடுத்த தீர்மானத்துக்குச் செயலாளர் தொண்டையைச் செருமியபோது, ஏகமனதாரின் கை பழையபடி எல்லாருக்கும் முன்னால் எழுந்தது. அது ஏகமனதாக நிறைவேறி, தேநீர் வந்தது.

அவர் கோப்பைக்குக் கை நீட்டும் நேரத்தில் அக்கா எழுந்து வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சின்ன வயசில் காய்ச்சல் பார்ப்பதுபோல அந்த வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

“நரம்புக்கு ஒண்ணும் இல்லை தம்பி,” என்றாள். “நாற்காலி ஆடினா மட்டும் நல்லா வேலை செய்யுது.”